உவரிக் கரையிலும் தேரிக்காட்டிலும் கட்டணமில்லாமல் நடந்து பார்க்க வழி சொல்லுங்கள்

பாளை நடையன் கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் வசிக்கிறேன், வயது ஐம்பதை நெருங்குகிறது. இளமையில் நண்பர்களோடு பொதிகை மலைப் பக்கம் ஏறி இறங்கிய பழக்கம் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு வனத்துறை விதிகளை இறுக்கிவிட்டது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இப்போது மலைப்பாதை என்றாலே இணையத்தில் முன்பதிவு, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம், கூட வரும் வழிகாட்டி என்று ஆகிவிட்டதால், கல்லூரியில் படிக்கும் என் மகனையும் அவன் கூட்டாளிகள் இருவரையும் அழைத்துக்கொண்டு போக நினைத்துக் கணக்குப் போட்டபோது கைக்கு அடங்கவில்லை.

ஆகவே மேற்கே பார்ப்பதை விட்டுவிட்டுக் கிழக்கே பார்க்கலாம் என்று தோன்றியது. குலசை என்கிற குலசேகரன்பட்டினம் தொடங்கி இடிந்தகரை வரையிலான கடலோரச் சாலையில் எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். சவுக்குத் தோப்புக்கும் பனைகளுக்கும் நடுவே ஒரு கணம் கடல் தெரியும். அடுத்த திருப்பத்தில் செக்கச்செவேல் என்று மணல்மேடு தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இறங்கி நடந்ததில்லை.

நான்கு பேர், இரண்டு நாள், ஒரு ரூபாய் நுழைவுக் கட்டணமும் இல்லாமல் நடக்க வேண்டும் என்பதே எண்ணம். எந்தப் பகுதியில் நடக்கலாம்? கரையோடு ஒரே மூச்சில் குலசையிலிருந்து உவரிக்குப் போய்விட முடியுமா? அந்தச் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுக்குள் தனியாகப் போவது பாதுகாப்பானதா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? தை மாதம் போகலாம் என்று இருக்கிறோம். வழியில் பதநீர் கிடைக்கும் என்று பையன்கள் ஆசையோடு இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

கரைமடி எழுதுகிறார்:

அண்ணாச்சி, நான் கடற்கரை ஊரில் பிறந்து, இப்போது உள்நாட்டுப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருப்பவன். அப்பா கட்டுமரம் போனவர். நீங்கள் கேட்டிருப்பதில் கரையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். தேரியைப் பற்றிச் சொல்ல இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் உண்டு.

முதலில் மாதம். தை, மாசிதான் சரி. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் கொந்தளிப்பும் இருக்கும். வைகாசி பிற்பகுதியில் கச்சான் காற்று எழுந்துவிட்டால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். கண்ணைத் திறந்து நடக்க இயலாது. தையில் வாடையின் மிச்சம் வீசுவதால் இதமாக இருக்கும்.

அடுத்தது திசை. பெரியதாழையில் தொடங்கி, கூடுதாழை, கூட்டப்பனை வழியாக உவரிக்கு நடப்பதே முதல் முறை வருகிறவர்களுக்கு ஏற்றது. பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நடப்பதால் காலை வெயில் முகத்தில் அடிக்காமல் முதுகில் விழும். வாடையும் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். இதே வழியை உவரியிலிருந்து திருப்பி நடந்து பாருங்கள், இரண்டு மடங்கு தூரம் போலத் தெரியும். இடையில் இரண்டு ஊர்கள் இருப்பதால் குடிநீருக்குத் தவிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் ஆளுக்கு மூன்று லிட்டர் கையில் இல்லாமல் புறப்பட வேண்டாம்; நம் ஊர் வெயிலுக்குத் தையாவது, சித்திரையாவது.

கரையில் நடப்பது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அலை தொட்டுத் திரும்பிய ஈரமணலில்தான் கால் நிற்கும். அதற்கு மேலே காய்ந்த மணலில் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். ஆனால் அந்த ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. கடல் உங்களுக்கு இடப்புறம் இருப்பதால் இடது கால் பள்ளத்திலும் வலது கால் மேட்டிலுமாக இரண்டு மணி நேரம் நடந்தால், இடுப்பு ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். அரை மணிக்கொரு முறை அடும்பங்கொடி படர்ந்திருக்கும் மேட்டுக்கு ஏறிச் சமதளத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு இறங்க வேண்டும். மான் குளம்பு போலப் பிளந்த இலையும் ஊதாப் பூவும் உள்ள அந்தக் கொடியை மிதிக்காமல் நடங்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுவும் இராவணன் மீசைப் புல்லும்தான். இராவணன் மீசையை நீங்கள் மிதிக்க மாட்டீர்கள், ஒரு தடவை குத்தினால் போதும்.

அலை வடிந்த இடத்தில் குனிந்து பார்த்தால் கறுப்பும் ஒயின் நிறச் சிவப்புமாக மணல் கோடு கோடாகப் படிந்திருக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். வெண்மணலைவிட இவை கனமானவை. இலேசான மணலை அலை இழுத்துக்கொண்டு போக, இவை பின்தங்கி நின்றுவிடுகின்றன. இந்த மணலுக்காகவே இந்தக் கரை பட்டபாடு பெரிய கதை. 2013ஆம் ஆண்டில் தாது மணல் அள்ளுவதற்கு அரசு தடை விதித்தது. பையன்கள் ஒரு பிடி எடுத்துப் பாட்டிலில் போட்டுக்கொள்ள நினைத்தாலும் தடுத்துவிடுங்கள். இந்தக் கரையில் பாட்டிலோடு குனிகிறவனை யாரும் நல்ல கண்ணால் பார்ப்பதில்லை.

இன்னொன்று, கடற்கரை எங்கள் ஆட்களுக்கு வேலை செய்யும் இடம். வீட்டு முற்றமும் அதுதான். கரைமடி வலையை இழுத்துக்கொண்டிருந்தால், கடலிலிருந்து கரை வரை கயிறு விறைப்பாக நிற்கும். அதைத் தாண்டிக் கால் போடாமல் நின்று, இழுப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போங்கள். நேரம் இருந்தால் நீங்களும் கயிற்றில் கை வையுங்கள். அதைவிட நல்ல இலவசப் பொழுதுபோக்கு நான் அறியேன், கை தோல் உரிவதைப் பொருட்படுத்தாவிட்டால். ஊருக்கு நெருக்கமான கரையில் விடிகாலையில் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்க வேண்டாம். காரணத்தை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

குளிப்பதற்கு இறங்கக் கூடாது. முழங்கால் அளவுதான் என்று நினைத்து வைக்கும் அடுத்த அடியில் தரை இருக்காது. நீவாடு என்கிற நீரோட்டம் இழுத்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் கரை எட்டாது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் காலம் என்பதால், இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு கரையில் அலைய வேண்டாம். கூடாரம் போட்டுக் கரையில் தங்கும் யோசனையும் வேண்டாம். மூட்டையோடு இரவில் கரையில் இருக்கும் அந்நியர்களைக் கடலோரக் காவல் குழுமத்தார் விசாரிப்பார்கள்; அது அவர்கள் வேலை. பகலிலும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் அந்தோணியார் கோயிலும் ஒரே கரையில் இருக்கின்றன. சுயம்புலிங்கர் கோயிலில் நேர்ந்துகொண்டவர்கள் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து கொட்டுவார்கள். நீங்கள் கையை வீசிக்கொண்டு நடந்து வந்த அதே மணலில் தலைச்சுமையோடு நடக்கும் வயதான ஆச்சிகளைப் பார்த்தால் உங்கள் இடுப்பு வலி மறந்துவிடும்.

மணப்பாட்டு மருமகள் எழுதுகிறார்:

குலசையிலிருந்து உவரிக்கு ஒரே நடையாகப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள் அண்ணாச்சி. முன்பு முடிந்தது, இப்போது முடியாது; நடுவில் ராக்கெட் ஏவுதளத்துக்கு நிலம் எடுத்துவிட்டார்கள். ராக்கெட் ஏவுதளம் என்றவுடன் எல்லோரும் குலசேகரன்பட்டினத்தைத்தான் நினைக்கிறார்கள். பெயர்தான் குலசை, எடுத்த நிலம் மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி கிராமங்களைச் சேர்ந்தது. அதாவது மணப்பாட்டுக்கும் பெரியதாழைக்கும் இடைப்பட்ட கரை. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அந்த இடைவெளியில் கரையோடு நடக்க முயல வேண்டாம். மணப்பாட்டில் ஒரு நடையை முடித்துப் பேருந்து ஏறி, பெரியதாழையில் இறங்கி அடுத்த நடையைத் தொடங்கலாம். கரைமடி அண்ணன் பெரியதாழையில் தொடங்கச் சொன்னதும் இதை மனத்தில் வைத்துத்தான் என்று எண்ணுகிறேன்.

மணப்பாட்டை மட்டும் தனியாக ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்கல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது, கட்டியது 1581இல். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை குன்றின் கடல் பக்கம் உள்ளது. குன்றிலிருந்து பார்த்தால், கருமேனியாற்றின் உப்பங்கழி ஒரு பக்கமும் கடல் ஒரு பக்கமுமாக, நடுவில் மணல்நாக்கு நீண்டு கிடப்பது தெரியும். அந்த நாக்கு ஆண்டுக்கு ஆண்டு வடிவம் மாறுகிறது. ஆற்றுமுகம் கோடையில் மணலடைத்துக் கிடந்தால் காலை நனைக்காமல் கடக்கலாம். மழைக்குப் பின் அறுத்துக்கொண்டு ஓடினால் இடுப்பளவு என்றாலும் இறங்கக் கூடாது. போன வருடம் யாரோ கடந்த படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து, பாதியில் நின்று கூச்சலிட்ட வெளியூர்ப் பையன்களை எங்கள் வீட்டு ஆட்கள்தான் வள்ளத்தில் போய் ஏற்றிவந்தார்கள். உங்கள் பையன்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செப்டம்பர் 14ஆம் தேதி சிலுவைத் திருநாள். குலசை முத்தாரம்மன் கோயிலில் தசரா. இரண்டும் பார்க்க வேண்டியவையே, ஆனால் அமைதியாக நடக்க விரும்புகிறவர்கள் அந்த நாள்களில் வந்து ஏமாற வேண்டாம்.

தேரிமேட்டான் எழுதுகிறார்:

பதநீர் ஆசையை முதலில் தீர்த்துவைக்கிறேன், அல்லது கெடுத்துவைக்கிறேன். தையில் பதநீர் கிடையாது. பங்குனி, சித்திரை, வைகாசிதான் அதற்குக் காலம். தையில் பனங்கிழங்கு கிடைக்கும். அவித்து நாரை உரித்து, கருப்பட்டியோடு கடித்துக்கொண்டு நடந்தால் இரண்டு மணி நேரத்துக்குப் பசி எடுக்காது. உடன்குடிக் கருப்பட்டி என்று கேட்டு வாங்குங்கள். சீனி கலந்ததைத் தலையில் கட்டிவிடுகிறவர்களும் உண்டு என்பதால் உடைத்துப் பார்த்து வாங்குங்கள்.

தேரிக்கு வருவோம். இந்த மணல் சிவப்பாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதுதான். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். விரல் ரேகையெல்லாம் காவி ஏறிவிடும், வேட்டியில் பட்டால் போகாது. மேற்கிலிருந்து வீசும் காற்று காலங்காலமாகச் செம்மண்ணைக் கொண்டுவந்து குவித்ததே இந்த மேடுகள். சாயர்புரம் முதலான தேரிகளில் கிடைத்த சிறு கல் கருவிகளைப் பற்றித் தொல்லியலாளர்கள் சொய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அவர்களுக்கு முன்பே நிலவியலாளர் புரூஸ் ஃபூட் கவனித்திருக்கிறார். நகத்தளவு கூர்மையான கல் துண்டு காலடியில் தென்பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். கிடந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டால் அது வெறும் கல்தான்.

தனியாகப் போகலாமா என்ற கேள்விக்கு என் கதையையே சொல்கிறேன். இந்தத் தேரியோரத்தில் பிறந்த நான், ஒரு வைகாசிக் கடைசியில் சென்னையிலிருந்து வந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு, பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று குதிரைமொழித் தேரிக்குள் போனேன். வந்த தடத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்ற தைரியம். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தால் தடமே இல்லை. கச்சான் ஊதி, மணல் முழுவதும் விரித்த பாய் போலக் கிடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மேடு, ஒரே மாதிரிக் கொல்லாமரம், ஒரே மாதிரிக் குடை விரித்த உடைமரம். உச்சிப்பொழுது என்பதால் நிழலும் திசை காட்டவில்லை. நண்பரின் செருப்பை உடைமுள் துளைத்துக் குதிகாலில் ஏறிவிட்டது. அந்த வெள்ளை முள் விரல் நீளம் இருக்கும், ரப்பர்ச் செருப்பெல்லாம் அதற்கு வெண்ணெய்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ஒரு கலயம். தூரத்துப் பனை ஒன்றில் பாளையைச் சீவிக் கலயம் கட்டியிருந்தது. கலயம் கட்டிய மரத்துக்குக் காலையும் மாலையும் ஆள் வந்தே ஆக வேண்டும். அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டோம். மூன்று மணிக்கு மேல் பனையேறி வந்தார்; எங்களைப் பார்த்து ஒன்றும் கேட்காமல், பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இந்தத் தடத்துல போனா ரோடு" என்று கையைக் காட்டினார். ரோடு இருநூறு அடியில் இருந்தது.

ஆகவே தேரிக்குள் நினைத்த பக்கம் நுழையாமல், கோயில் பாதைகளை ஒட்டி நடங்கள். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் ஒன்று. சுற்றிலும் செம்மணல் காய்ந்து கிடக்க, நடுவில் நல்ல தண்ணீர்ச் சுனையும் மர நிழலும் இருக்கும். மணல் மழைநீரை அப்படியே உள்வாங்கி வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடுவதால்தான் இந்தச் சுனை. இன்னொன்று, காயாமொழியை அடுத்த தேரிக்குடியிருப்பில் உள்ள கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகை மாதக் கடைசி நாளில் அங்கே கள்ளர் வெட்டு என்ற சடங்கு நடக்கும். இளநீரை வெட்டியவுடன் அது சிந்திய செம்மணலை அள்ளிக்கொண்டுபோக ஊரே முட்டி மோதும். பங்குனி உத்திரத்தன்று எல்லாச் சாஸ்தா கோயில்களுக்கும் குடும்பம் குடும்பமாக வருவார்கள், பொங்கல் புகையில் தேரியே தெரியாது. உங்களைப் போன்றவர்களுக்குத் தை மாதச் சாதாரண நாள்தான் நல்லது.

குதிரைமொழித் தேரியில் ஒரு பகுதி காப்புக்காடு. கோயிலுக்குப் போகிறவரை யாரும் தடுப்பதில்லை. அதைத் தாண்டி உள்ளே போவதானால் வனத்துறையினரிடம் கேட்டுக்கொண்டே போக வேண்டும். பீடி, நெருப்பு, சமையல் எதுவும் கூடாது. சருகு மேல் கால் வைக்கும் முன் கம்பால் தட்டுங்கள், சுருட்டை விரியன் உண்டு. காலை ஆறு மணிக்கு நுழைந்தால் மயிலையும் கவுதாரியையும் பார்க்கலாம். ஒன்பது மணிக்கு மேல் மணல் கொதிக்கத் தொடங்கும், பத்துக்குள் சுனையடிக்கோ சாலைக்கோ வந்துவிட வேண்டும்.

பழைய நடத்துநர் எழுதுகிறார்:

நடையைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், போக்குவரத்தை யாரும் சொல்லவில்லை. நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்குப் பயணிகள் ரயிலில் போவதே மலிவு, 61 கிலோமீட்டர். அங்கிருந்து மணப்பாடு 18 கிலோமீட்டர், உவரி ஏறக்குறைய 40. கடலோரச் சாலையில் பேருந்து உண்டு என்றாலும், மாலை மங்கிய பின் சிற்றூர்களில் காத்திருப்பதை நம்ப வேண்டாம். நடந்து முடிக்கும் ஊரில் கடைசிப் பேருந்து எப்போது என்பதைப் புறப்படும் முன்பே டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டம்மாவையும் அழைத்து வந்தால், சாதாரண நகரப் பேருந்தில் அவருக்கு 2021 முதல் கட்டணமில்லை. நீங்கள் கேட்ட இலவசம் அவருக்குத்தான் முழுமையாகக் கிடைக்கும்.

பாளை நடையன் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. தேரிமேட்டான் அண்ணாச்சியின் கலயத்தைப் படித்துவிட்டு என் மனைவியும் வருவதாகச் சொல்லிவிட்டார், ஆக ஐந்து பேர். முதல் நாள் விடியலில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், வெயிலுக்குத் திருச்செந்தூர், மாலையில் மணப்பாட்டுக் குன்று. இரவு திருச்செந்தூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கல். மறுநாள் அதிகாலை பெரியதாழையிலிருந்து உவரி. இதுதான் திட்டம். உவரிக்கு அப்பால் இடிந்தகரை வரை ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளலாமா என்று மகன் கேட்கிறான்.

கரைமடி எழுதுகிறார்:

முதல் முறைக்கு வேண்டாம் அண்ணாச்சி. உவரிக்குத் தெற்கே நம்பியாறு கடலில் சேரும் இடத்தில் ஆற்றங்கரைப் பள்ளிவாசல் இருக்கிறது. எல்லா மதத்தவரும் வருகிற இடம். கால் ஒத்துழைத்தால் அதுவரை வேறொரு காலையில் நடந்துவிட்டு வாருங்கள். அதற்கும் தெற்கே கூத்தங்குழியைக் கடந்து இடிந்தகரைக்குப் போனால், கூடங்குளம் அணுமின் நிலையம் பக்கத்திலேயே வந்துவிடும். அதற்குமேல் கரையோடு போக வழியில்லை. அந்தப் பக்கம் டிரோன் பறக்கவிடும் எண்ணம் பையன்களுக்கு இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

நாள் குறிக்கும் முன் தை அமாவாசை எப்போது என்று நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டிய நாள்களில் கடலேற்றம் கூடி ஈரமணல் குறுகிவிடும்; திருச்செந்தூர்ப் பேருந்தில் கால் வைக்கவும் இடம் இருக்காது.